நன்னா விற்ற ரோஜா



நம் முன்னோர் செய்த தொழில்களில் ஒன்றைப் பற்றி எழுதித் தரும்படி பொன்விழா மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டார்கள். நான் எழுதிப் பழகியவன் அல்லன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் தளவாடத் துறையில் பட்டயம் பெற்றேன். அதன் பிறகு மிளகாய் வற்றல், புளி, பருப்பு என்று மொத்த வியாபாரம். எழுத்து என்றால் எனக்கு ரசீதும் சரக்குப் பட்டியலும்தான். ஆனாலும் ஒரு சொல்லைப் பற்றி எழுத வேண்டும் என்று சில ஆண்டுகளாகவே மனத்தில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைக்குச் சோறு போட்ட சொல் அது: ரோஜாக்.

எங்கள் நன்னா, மர்ஹூம், தோப்புத்துறைக்காரர். 1948இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பினாங்கையும் போர்ட் சுவெட்டன்ஹாமையும் தொட்டு இங்கே வந்து இறங்கினார். முதலில் ஊர்க்காரர் ஒருவரின் தள்ளுவண்டியில் எடுபிடி வேலை. இரண்டு வருஷம் கழித்து வாட்டர்லூ ஸ்திரீட்டில் தமக்கென்று ஒரு வண்டி போட்டார். அந்தச் சந்தோஷத்தில் ஊருக்குக் கடிதம் எழுதினார்: "அல்லாஹ் கிருபையால் நான் இப்போது சொந்தமாக ரோஜா வியாபாரம் செய்கிறேன்."

நன்னி அந்தக் கடிதத்தைத் தெரு முழுக்கப் படித்துக் காட்டினாராம். சிங்கப்பூரில் ரோஜாப்பூ அவ்வளவு விளைகிறதா, சீனர்கள் தலையில் பூ வைப்பார்களா என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்டார்கள். நன்னிக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த கடிதத்தில், வரும்போது ஒரு நல்ல பதியன் எடுத்து வரும்படி எழுதச் சொன்னார். 1956இல் நன்னா ஊர் வந்தபோது பெட்டியில் பதியன் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அவரே அடுப்படியில் உட்கார்ந்து, இறால் வடை சுட்டு, சர்க்கரைவள்ளிக்கிழங்கை வேகவைத்து மசித்து, மிளகாயும் புளியும் வேர்க்கடலையும் சேர்த்துச் சிவப்பாக ஒரு குழம்பு வைத்துக் கொடுத்தார். நன்னி தின்றுவிட்டுச் சொன்னது எங்கள் வீட்டில் இன்றும் நடமாடுகிறது: "இதுக்காங்க ரோஜான்னு பேரு? வடைக்குக் குழம்பு ஊத்தினா ரோஜாவா?"

நன்னா பொய் எழுதவில்லை. மலாய்ச் சொல்லின் கடைசியில் வரும் 'க்' நாம் சொல்வதுபோல் அழுத்தி வராது. தொண்டையிலேயே சட்டென்று நின்றுவிடும். நேனெக், அடிக் எல்லாம் அப்படித்தான். நம் காதுக்கு அது 'ரோஜா' என்றுதான் கேட்கும். நன்னா கேட்டதை எழுதினார். பின்னாளில் கடைக்குப் பலகை எழுதியவரும் 'இந்தியன் ரோஜா' என்றே தமிழில் எழுதினார். அந்தப் பலகை என் கிடங்கில் இருக்கிறது.

சொல்லின் பிறந்த வீடு ஜாவா. அங்கே அதன் வடிவம் ருஜாக். மலாயில் வந்து ரோஜாக் ஆயிற்று. இன்று நாம் எதையும் எதோடும் கலந்தால் ரோஜாக் என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் ஜாவாவில் அது வெறும் கலவைக்குப் பெயரல்ல. காய்வெட்டு மாங்காய், அன்னாசி, வெள்ளரி, பெங்குவாங் கிழங்கு, கெடொண்டோங் காய் இவற்றைத் துண்டு போட்டு, மிளகாய், புளி, பனைவெல்லம், பெலாச்சான் சேர்த்து அரைத்த சாந்தோடு தருவது ருஜாக். அரைக்கும் கல்லுக்குச் சோபெக் என்று பெயர். நம் அம்மியைப் போன்றதுதான், வட்டமாக, நடுவில் சற்றுக் குழிந்திருக்கும். புளிப்பு, உறைப்பு, இனிப்பு மூன்றும் ஒரே வாயில் வர வேண்டும். வந்தால் ருஜாக், வராவிட்டால் வெறும் பழத்துண்டு. ஊருக்கு ஊர் வகை மாறும். சுரபாயாவில் ருஜாக் சிங்ஙூர் என்று மாட்டின் முகவாய் இறைச்சியைக்கூட வேகவைத்துச் சேர்க்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது சாந்துதான். இந்தோனேசியாவில் பல மொழி கலந்து பேசுவதைக் கேலி செய்ய வேண்டுமானால் 'கடோ கடோ மொழி' என்பார்கள். அதுவும் ஓர் உணவின் பெயரே. அங்கே அந்தக் கேலியைச் சுமப்பது கடோ கடோ. நம் பக்கத்தில்தான் ரோஜாக் அதைச் சுமக்கிறது.

இது எனக்குப் புத்தகத்தில் தெரியவந்ததல்ல. என் துணைவியார் மலாய்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய பாட்டியார் ஜாவாவில் பிறந்தவர். எங்கள் மூத்த மகள் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது என் மாமியார் வீட்டில் ஒரு பெரிய கிண்ணம் நிறைய ருஜாக் செய்தார்கள். ஜாவா வழக்கத்தில் ஏழாம் மாதச் சடங்குக்கு மித்தோனி என்றும் திங்கெபான் என்றும் பெயர். அதில் ருஜாக் கட்டாயம் இருக்கும். இனிப்பாக அமைந்தால் பெண் குழந்தை, உறைப்பாக அமைந்தால் ஆண் குழந்தை என்று ஒரு நம்பிக்கை. மாமியார் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "பெண்தான்" என்றார்கள். என் உம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "மறைவானதை அல்லாஹ் ஒருவன்தான் அறிவான், சம்மந்தி" என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் கொஞ்சம் இருந்தாத் தாங்க" என்று கிண்ணத்தை நீட்டினார்கள்.

சாந்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை, அது என் தொழில். ஜாவா ருஜாக்கிலும் நம் ரோஜாக்கிலும் உறைப்புக்கு இன்று மிளகாய். ஆனால் மிளகாய் நம் பக்கத்துச் செடியல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்தது. 1500க்கு முன் ஜாவாவிலும் இல்லை, தமிழ்நாட்டிலும் இல்லை. அதற்கு முன்பு ஜாவாக்காரர் உறைப்புக்குப் பயன்படுத்தியவற்றில் ஒன்று, நம் திப்பிலிக்கு நெருங்கிய உறவான ஒரு கொடியின் காய். அதன் பெயர் சபே. மிளகாய் வந்ததும் சபே என்ற பெயர் அதற்குப் போய்விட்டது. பழைய சபேயை அடையாளம் காட்ட 'சபே ஜாவா' என்று சொல்ல வேண்டியதாயிற்று. நாமும் அதையேதான் செய்தோம். மிளகு போல் உறைக்கும் காய், ஆகவே மிளகாய். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரே மாதிரி பெயர் வைத்திருக்கிறோம்.

புளியும் வேடிக்கைதான். அரபியில் அதற்குத் தம்ர் ஹிந்தி, இந்தியப் பேரீச்சை. மலாயில் ஆசாம் ஜாவா, ஜாவாப் புளிப்பு. அரபிக்கு அது இந்தியச் சரக்கு, மலாய்க்காரருக்கு ஜாவாச் சரக்கு. எந்தத் துறைமுகத்திலிருந்து மூட்டை வந்ததோ அந்தப் பெயர். சொந்த ஊரைக் கேட்டால் ஆப்பிரிக்கா. சர்க்கரைவள்ளியும் வேர்க்கடலையும் மிளகாயைப் போல அமெரிக்கச் சரக்கு. ஆக, நன்னா ஊற்றிய சிவப்புக் குழம்பில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் நம்மவர் கண்டிராத பொருள்கள் மூன்று இருந்தன. என் கிடங்கில் இவையெல்லாம் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து இருக்கின்றன.

ஜாவாச் சொல் நம்மவர் வாய்க்கு வர, ஜாவாக்காரர் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். இருந்தார்கள். கம்போங் கிளாம், ஆராப் ஸ்திரீட் பகுதியில் ஜாவாக் குடியிருப்பு இருந்தது. ஜாவாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் சிங்கப்பூரில் தங்கிக் கப்பல் ஏறினார்கள். ஹொக்கியன் சீனர் ஆராப் ஸ்திரீட்டை ஜாவாத் தெரு என்றே அழைத்தார்கள். அக்காலத் தமிழர் வைத்த பெயர் பூக்கடைச் சடக்கு. சடக்கு என்றால் தெரு; நம் வீடுகளில் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஜாவாப் பெண்கள் அங்கே பூ விற்றதால் வந்த பெயர் அது. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு நன்னி ஞாபகம்தான் வந்தது. பூ விற்றவர்கள் இருந்தார்கள். எங்கள் நன்னா மட்டும் இல்லை.

ஜாவாக்காரரும் மலாய்க்காரரும் விற்ற ரோஜாக் பழமும் காயும். சீனர் அதையே எடுத்து, தாவ்போக்கும் யூ தியாவும் சேர்த்து, கறுப்பான இறால் விழுது ஊற்றித் தங்களுக்கு ஒன்று செய்துகொண்டார்கள். நம்மவர் வடை, உருளைக்கிழங்கு, முட்டை, தவ்குவா, தெம்பே, கணவாய் என்று மாவில் தோய்த்தும் தோய்க்காமலும் பொரித்து அடுக்கினார்கள். பக்கத்தில் வெள்ளரி, வெங்காயம், பச்சைமிளகாய். பழ ரோஜாக்கோடு இதற்குப் பொருளால் உறவு குறைவு. உறைப்பும் புளிப்பும் இனிப்பும் வேர்க்கடலையும் சேர்ந்த குழம்புதான் உறவு. வாங்க வந்த மலாய்க்காரர் அந்தக் குழம்பின் ருசியை வைத்து இதையும் ரோஜாக் என்று அழைத்திருப்பார் என்பது என் கணிப்பு. விற்றவர் ஊரை வைத்து இந்திய ரோஜாக், விற்றவரை வைத்து மாமாக் ரோஜாக். மலேசியாவில் மாமாக் ரோஜாக் என்கிற பெயர் அதிகம். பினாங்கில் அதற்குப் பசெம்போர் என்றும் பெயர். மாமாக் என்பது நம் 'மாமா'தான் என்று சொல்வது வழக்கம். மினாங்கபாவ் மக்களிடமும் தாய்மாமனுக்கு மாமாக் என்றே பெயர். எப்படி இருந்தாலும் மாமன் முறைதான். சிங்கப்பூரில் மாமா கடை என்கிறோம், அது காதுக்கு இதமாக இருக்கிறது. மாமாக் என்று சொல்லும் தொனியைப் பொறுத்துச் சில நேரம் சுருக்கென்று தைப்பதும் உண்டு.

'இந்திய' ரோஜாக் இந்தியாவில் இல்லை. நான் தோப்புத்துறைக்குப் போனபோது உறவினர் பிள்ளைகளுக்கு விளக்கிப் பார்த்தேன். "பஜ்ஜிக்கு இனிப்புச் சட்னியா மச்சான்?" என்றான் ஒருவன். நன்னி அறுபது வருஷத்துக்கு முன் கேட்டதும் ஏறத்தாழ அதேதான்.

எங்கள் கடையில் ரோஜாக் விற்ற முறையைச் சொல்கிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பொரித்தவை வகைவகையாக அடுக்கி இருக்கும். வருகிறவர் இடுக்கியால் தமக்கு வேண்டியதைத் தாமே எடுத்துத் தட்டில் வைப்பார். அத்தா எண்ணிப் பார்த்துக் காசு சொல்வார், துண்டு போடுவார், வெள்ளரியும் வெங்காயமும் ஓரத்தில் வைப்பார். குழம்பு தனிக் கிண்ணத்தில். தோய்த்துத் தின்பது தின்பவர் பாடு. இறால் வடை இறால் வடையாகவே இருக்கும், முட்டை முட்டையாகவே இருக்கும். சீன ரோஜாக்கை மரச் சட்டியில் போட்டுப் புரட்டிக் கலப்பார்கள். பினாங்கில் குழம்பை மேலே ஊற்றிவிடுவார்கள். சிங்கப்பூரில் நம்மவர் தட்டில் எதுவும் கலக்கப்படுவதில்லை. கலவைக்கு அடையாளமாக ஊரே சொல்லும் சொல்லைப் பெயராகக் கொண்ட உணவில் கலவை நடக்கவில்லை என்பதை, அத்தாவுக்கு உதவியாகப் பள்ளி விடுமுறையெல்லாம் கடையில் நின்ற எனக்கே வெகுகாலம் தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை என்றால், அந்தச் சொல்லை நான் வேறு விதமாகக் கேட்டு வளர்ந்தேன். உயர்நிலைப் பள்ளியில் வாய்மொழித் தேர்வுக்குத் தயார் செய்யும்போது ஆசிரியர் ஒருவர், "உன் தமிழ் ரோஜாக்" என்றார். வகுப்பு சிரித்தது. 'பாசார்', 'மாக்கான்', 'ஜாலான்' எல்லாம் என் பேச்சில் இருந்தது உண்மை. தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் என்று நம் வீட்டில் புழங்குவது நல்ல தமிழ் என்று அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. மலாயில் இருக்கும் கெடாய், காப்பால், காத்தில், பெத்தி, குடாங் எல்லாம் நம் கடை, கப்பல், கட்டில், பெட்டி, கிடங்கு என்பதும் தெரியாது. மலாய்க்காரரும் மொழி கலந்து பேசுவதைப் 'பஹாசா ரோஜாக்' என்றுதான் கண்டிக்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் திட்டு வாங்குகிறது பாவம் ரோஜாக்.

தமிழில் 'கல' என்ற ஒரே வேரிலிருந்து கலவையும் வருகிறது, கலந்துரையாடலும் வருகிறது, கலப்படமும் வருகிறது. வியாபாரிக்குக் கலப்படம் என்பது மானம் போகும் சொல். மிளகாய்த்தூளில் எதையாவது சேர்த்தான் என்று ஒருவர் சொன்னால் அந்தக் கடை எழுந்திருக்காது. மனிதர்களைப் பற்றிப் பேசும்போதும் 'கலப்பு' என்கிற சொல்லில் அந்த வாடை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். பெண் கேட்கப் போன காலத்தில் இரு தரப்பிலும் அதைக் கேட்டிருக்கிறோம்.

போன வருஷம் மகளைத் தொடக்கநிலை ஒன்றில் சேர்க்க வேண்டியிருந்தது. 2011 முதல் பிள்ளையின் இனத்தை இரண்டையும் சேர்த்துப் பதிய முடிகிறது; அவளுக்கு அப்படித்தான் பதிந்திருந்தோம். ஆனால் தாய்மொழிப் பாடம் ஒன்றுதான். தமிழா மலாயா? நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில் இந்தக் கேள்வி வந்து போயிருக்கும். மலாய் எடுத்தால் மார்க்கக் கல்விக்கு வசதி, தோழிகளும் இருப்பார்கள் என்றார்கள் ஒரு பக்கம். தமிழ் எடுக்காவிட்டால் உம்மாவோடு அவள் எப்படிப் பேசுவாள் என்றேன் நான். ஒரு விருந்தில் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் அவள் கன்னத்தைக் கிள்ளி, "இது ரோஜாக் பிள்ளை, எதைக் கொடுத்தாலும் படிக்கும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். மகள் வீட்டுக்கு வந்து அவள் அம்மாவிடம், "நான் ரோஜாக்கா?" என்று கேட்டாள். துணைவியார் என்னைப் பார்த்தார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அன்றிரவுதான் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

தமிழ் என்று எழுதிக் கொடுத்தோம். மலாய் அவளுக்கு அம்மாவிடமும் பாட்டியிடமும் கிடைக்கும் என்பது எங்கள் கணக்கு. மாமியாரிடம் சொல்லப் போகும்போது எனக்குத் தயக்கம்தான். அவர்கள், "என்னோடு பேசுவதை நிறுத்தாமல் இருந்தால் போதும்" என்றார்கள். இப்போது சனிக்கிழமை தோறும் அவளை அங்கே விடுகிறேன். கணக்கு சரியா என்பது அவள் பெரியவளான பிறகு தெரியும்.

கடையின் கதையையும் முடித்துவிடுகிறேன். தெருவோர வியாபாரிகளை 1968, 69இல் அரசாங்கம் பதிவு செய்தது. 1971 முதல் உணவங்காடி நிலையங்கள் எழும்பின. 1986க்குள் எல்லாரையும் உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். நன்னாவின் வண்டியும் அப்படித்தான் தெருவை விட்டு உள்ளே போனது. குழாய்த் தண்ணீரும் கூரையும் கிடைத்தன. வாட்டர்லூ ஸ்திரீட்டில் நாலு வண்டி சேர்ந்தாற்போல் நின்ற காலத்துப் போட்டியும் பேச்சும் போயிற்று என்று நன்னா சொல்வார். பிறகு அத்தா நடத்தினார். 2009 ஏப்ரலில் தற்காலிகச் சந்தை ஒன்றில் இந்திய ரோஜாக் தின்றவர்களில் நூற்றைம்பது பேருக்கு மேல் நோயுற்று, இருவர் இறந்தார்கள். பச்சைக் கடலுணவிலிருந்து கிருமி தொற்றியிருக்கலாம் என்று கண்டறிந்தார்கள். எங்கோ நடந்ததானாலும் தீவு முழுக்க ரோஜாக் கடைகளில் ஆள் குறைந்தது. அத்தா வெள்ளரிக்குத் தனிக் கத்தி, தனிப் பலகை என்று இருபது வருஷமாக வைத்திருந்தவர். வருகிறவர்களிடம் அதை எடுத்துக் காட்டிக்கொண்டே இருந்தார், கேட்காதவர்களிடமும். வியாபாரம் திரும்பி வந்தது, பழைய அளவுக்கு இல்லை. 2015இல் முழங்கால் முடியாமல் கடையை விட்டார். நான் எடுத்து நடத்தவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பதினைந்து வகை பொரித்து அடுக்குவது எவ்வளவு வேலை என்று பார்த்து வளர்ந்தவன் நான். அத்தா வற்புறுத்தவும் இல்லை. என் மொத்த வியாபாரத்தில் ஆரம்பத்தில் ஏழு ரோஜாக் கடைகளுக்கு மிளகாய் வற்றல் போட்டேன். இப்போது இரண்டு.

2020 டிசம்பரில் சிங்கப்பூர் உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தபோது அத்தாவுக்குச் செய்தியைக் காட்டினேன். "குழம்புப் பக்குவத்தை எழுதி வச்சிக்கிறியா?" என்று மட்டும் கேட்டார். எழுதிக்கொண்டேன். கிழங்கு எத்தனை கட்டி, புளி எவ்வளவு என்று கேட்டால் கையைக் குவித்துக் காட்டுகிறார். அதை நான் தராசில் போட்டு எடுத்துக்கொண்டேன்.

மகள் இப்போது தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். ஒரு நாள் கிடங்குக்கு அழைத்துப் போனபோது பழைய பலகையைப் பார்த்து, "ரோ... ஜா... அத்தா, நன்னா பூக்கடையா வச்சிருந்தாங்க?" என்றாள்.

நம் சங்கக் குடும்பங்களில் பலருடைய பாட்டனார்கள் வாட்டர்லூ ஸ்திரீட்டிலும் மற்ற இடங்களிலும் இந்தத் தொழில் செய்திருக்கிறார்கள். பழைய உரிமச் சீட்டோ, வண்டியோடு எடுத்த படமோ, கடைப் பலகையோ வீட்டில் இருந்தால் தயவுசெய்து சங்க அலுவலகத்தில் கொடுங்கள். நகல் எடுத்துக்கொண்டு அசலைப் பத்திரமாகத் திருப்பித் தருவோம், இன்ஷா அல்லாஹ். எங்கள் பலகையின் படத்தையும் நன்னாவின் 1950ஆம் ஆண்டுக் கடிதத்தின் நகலையும் நான் ஏற்கெனவே கொடுத்திருக்கிறேன்.